காலுக்குள் கிடக்கும் இரும்பு: காந்த நனோத் துகள் வெப்பச் சிகிச்சையை வன்னி உடம்புக்குக் கணித்துப் பார்த்தல்

தொடைத் தசைக்குள் 2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கட்டி. அதிலிருந்து 6 சென்ரிமீற்றர் தள்ளி, முழங்கால் பக்கமாக, 5 மில்லிமீற்றர் அளவில் ஓர் எறிகணைச் சிதறல். கட்டிக்குள் இரும்பு ஒட்சைட்டு நனோத் துகள்களை ஊசியால் ஏற்றி, வெளியிலிருந்து ஆடல் காந்தப்புலம் (திசை மாறிமாறி வரும் புலம்) கொடுத்தால் கட்டி எவ்வளவு சூடாகும்? பக்கத்தில் கிடக்கும் சிதறல் எவ்வளவு சூடாகும்? வவுனியாவில் இருந்துகொண்டு நானும் என்னிடம் படிக்கும் இரண்டு மாணவர்களும் கணினியில் இதற்கு விடை தேடினோம். நோயாளி நாங்கள் உருவாக்கிய ஒருவர். ஆனால் புதுக்குடியிருப்பு, விசுவமடு, முள்ளிவாய்க்கால் பக்கம் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் உடம்புக்குள் இரும்போடு நடமாடும் ஒருவரையாவது சந்திக்கலாம்.

கட்டியைச் சூடாக்கி அழிக்கப் பார்க்கும் இந்தச் சிகிச்சைக்கான கணினி மாதிரிகள் உலகெங்கும் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் வரும் உடம்பு பெரும்பாலும் சுத்தமான உடம்பு: தோல், கொழுப்பு, தசை, என்பு, நடுவில் கட்டி. அந்த உடம்பை அப்படியே எடுத்து எங்கள் சனத்துக்குப் பொருத்த முடியாது என்பதே இந்த ஆய்வில் நாங்கள் கண்டது.

சிகிச்சை எங்கே நிற்கிறது

யோசனை பழையது. 1957 இல் அமெரிக்காவில் கில்கிறிஸ்ற்றும் அவருடைய சகாக்களும், நிணநீர்க் கணுக்களில் தேங்கிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களை 1.2 மெகாஹேர்ட்ஸ் காந்தப்புலத்தால் சூடாக்கிக் காட்டினார்கள். மனிதருக்கான சிகிச்சையாக அதை வளர்த்தெடுத்தது ஜேர்மனியில், பேர்லினில், அன்ட்ரியாஸ் யோர்டானின் குழு. மூளையில் வரும் கிளியோபிளாஸ்ரோமா என்ற கொடிய கட்டிக்கு 2010 இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2011 இல் வெளிவந்த ஆய்வில், நோய் திரும்பிவந்த 59 பேருக்குக் கதிர்ச்சிகிச்சையோடு சேர்த்து இதையும் கொடுத்திருந்தார்கள். நோய் முதலில் திரும்பிய நாளிலிருந்து கணக்கிட்டால் அவர்களுடைய இடைநிலை ஆயுட்காலம் 13.4 மாதம். ஒப்பிடுவதற்கென்று சிகிச்சை பெறாத குழு ஒன்று அந்த ஆய்வுக்குள் இருக்கவில்லை. ஆகவே அந்த எண்ணை நம்பிக்கை தரும் ஒன்றாக எடுக்கலாம், முடிந்த முடிவாக எடுக்கக்கூடாது. அதை வணிகமாக நடத்திய நிறுவனம் 2022 இல் கடனடைக்க முடியாத நிலைக்குப் போனது.

அந்தச் சிகிச்சைக்கு முன்னர் நோயாளியின் பல்லில் அடைத்த உலோகத்தைக்கூடக் கழற்ற வேண்டியிருந்தது. எங்களை இந்த வேலைக்குள் இழுத்தது இந்த விபரம்தான். பல்லில் உள்ளதைக் கழற்றலாம். நரம்போடு ஒட்டிக் கிடக்கும் சிதறலை என்ன செய்வது?

இப்போது வன்னியில் புற்றுநோய் என்று கண்டால் தெல்லிப்பழைக்கோ மஹரகமவுக்கோ பஸ் ஏறுகிறார்கள். காந்த வெப்பச் சிகிச்சை இங்கே நாளைக்கே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வரும்போது யாருடைய உடம்பை மனதில் வைத்து அளவுகளைத் தீர்மானிப்பார்கள் என்பதே என் கேள்வி.

துகள்

முதலில் துகளின் கணக்கு. மக்னடைட்டு (ஒரு வகை இரும்பு ஒட்சைட்டு) துகள் 20 நனோமீற்றர் அளவுக்குச் சிறியதாக இருக்கும்போது முழுத் துகளும் ஒரே காந்தமாக நடந்துகொள்கிறது. வெளிப்புலம் திசை மாறும்போது துகளின் காந்தத் திசையும் திரும்ப வேண்டும். திரும்புவதில் உண்டாகும் தாமதமே வெப்பமாகிறது. மிக விரைவாகத் திரும்பினால் வெப்பம் இல்லை. திரும்பவே முடியாவிட்டாலும் வெப்பம் இல்லை. 100 கிலோஹேர்ட்ஸ் புலத்துக்கு, துகள் திரும்பும் நேரம் 1.6 மைக்ரோசெக்கனை அண்மித்து இருந்தால்தான் நல்ல சூடு வரும்.

அந்த நேரம் துகளின் கனவளவோடு அடுக்குக்குறியாக ஏறுகிறது. மாணவர்களை உட்காரவைத்து இந்த ஓர் அட்டவணையைக் கையால் போடச் சொன்னேன். திசைச்சார்பு மாறிலி (காந்தத் திசை திரும்புவதைத் தடுக்கும் ஆற்றலின் அளவு) கனமீற்றருக்கு 13 கிலோயூல், உடம்பு வெப்பநிலை 310 கெல்வின், அடிப்படை நேரம் 1 நனோசெக்கன். 12 நனோமீற்றர் துகளுக்கு 16 நனோசெக்கன் வந்தது. 16 க்கு 0.7 மைக்ரோசெக்கன். 17 க்கு 2.5 மைக்ரோசெக்கன். 20 க்கு 0.33 மில்லிசெக்கன். விட்டம் எட்டு நனோமீற்றர் கூட, நேரம் இருபதாயிரம் மடங்கு நீள்கிறது. 16, 17 நனோமீற்றருக்கு இடையில் ஒரு மெல்லிய வரம்புக்குள்தான் சூடு இருக்கிறது. போத்தலில் 'சராசரி 16' என்று எழுதியிருந்தாலும், பரம்பல் அகலமாக இருந்தால் உள்ளே போகும் இரும்பில் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

இன்னொன்று. திரவத்தில் மிதக்கும் துகள் முழு உடலோடு சுழன்றும் திசை மாறலாம். உறையோடு சேர்த்து 50 நனோமீற்றர் இருந்தால் நீர் போன்ற திரவத்தில் அதற்கு ஏறத்தாழ 32 மைக்ரோசெக்கன் எடுக்கும். கட்டிக்குள் போய் இழையத்தோடு ஒட்டியபின் அந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. பெரிய துகள்கள் நீருக்குள் காட்டும் வெப்பத்தை இழையத்துக்குள் காட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆய்வுகூடக் குழாயில் அளந்த எண்ணை உடம்புக் கணக்குக்குள் அப்படியே போடக்கூடாது என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

காந்தத் திசையின் அசைவை நுண்ணிய நேரப் படிகளில் பின்தொடரும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யோர்க் பல்கலைக்கழகத்தின் வாம்பயர், கெந்த் பல்கலைக்கழகத்தின் மூமாக்ஸ் போன்றவை. மூமாக்ஸுக்கு என்விடியா வரைகலை அட்டை வேண்டும், எங்களிடம் இருந்தது சாதாரண மடிகணினி. அதைவிடப் பெரிய தடை நேரம். ஒரு பிக்கோசெக்கன் படியாக நடந்தால், 100 கிலோஹேர்ட்ஸ் புலத்தின் ஒரே ஒரு சுற்றை முடிக்க ஒரு கோடிப் படி. ஆகவே பைதனில் ஒற்றைத் துகளுக்கு மட்டும் அதைச் சிறிது ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மிகுதிக்கு 2002 இல் றோசன்ஸ்வைக் தந்த நேர்கோட்டுச் சூத்திரத்தையே பயன்படுத்தினோம். எங்கள் கேள்விக்கு அது போதும்.

ஒரு மாணவி, "சேர், புல்மோட்டை மணலிலயிருந்து துகள் செய்யேலாதோ?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைட்டு. அதில் இரும்பு இருந்தாலும் அறை வெப்பநிலையில் அது மக்னடைட்டைப்போல் நிலையாகக் காந்தமடையாது. இரசாயன முறையில் இரும்பைப் பிரித்தெடுத்துத் திரும்ப வீழ்படிவாக்கினால்தான் உண்டு.

கட்டி

உடம்புக்குள் வெப்பம் பரவுவதற்கு 1948 இல் ஹரி பென்ஸ் எழுதிய சமன்பாடுதான் இன்றும் அடிப்படை. மனிதரின் முன்கையில் வெப்பநிலை அளந்து அவர் அதைக் கட்டினார். வெப்பம் கடத்தலால் பரவும். இரத்தம் வந்து, வாய்க்கால் தண்ணீர் பாத்தியைக் குளிர்த்துவதுபோல், கூடுதல் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். இழையத்தின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்குப் பாகைக்கு 0.5 வாற்று, இரத்தம் வெப்பத்தை அள்ளும் வீதம் கனமீற்றருக்குப் பாகைக்கு 3000 வாற்று என்று எடுத்தோம். கட்டியின் ஓரத்தில் 43 பாகை வரவேண்டும். அதற்குக் கட்டிக்குள் கனசென்ரிமீற்றருக்கு 0.18 வாற்று வேண்டும் என்று கணக்கு சொன்னது. அப்போது நடுவில் 48 பாகை.

இனிப் புலம். எவ்வளவு பலமான புலத்தை உடம்பு தாங்கும் என்பதற்கு 1984 இல் அட்கின்சனும் பிரெசோவிச்சும் தந்த வரம்பு இருக்கிறது: புலச் செறிவையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் செக்கனுக்கு மீற்றருக்கு 48.5 கோடி அம்பியரைத் தாண்டக்கூடாது. அதாவது 100 கிலோஹேர்ட்ஸில் மீற்றருக்கு 4.85 கிலோஅம்பியர். மனித உடம்பு தானே ஒரு கடத்தி என்பதால், அதற்கு மேலே போனால் துகள் இல்லாத இடமும் சூடாகத் தொடங்கும். சிறிய சுருளுக்கு இந்த வரம்பைப் பத்து மடங்கு வரை தளர்த்தலாம் என்று 2007 இல் ஹேர்க்ற்றும் டூற்ஸும் வாதிட்டார்கள். ஆனாலும் இடுப்புப் பகுதியில் நோயாளிகள் ஏறத்தாழ 5 கிலோஅம்பியருக்கு மேல் தாங்கவில்லை என்பது பேர்லின் அனுபவம். நாங்கள் பழைய வரம்பிலேயே நின்றோம்.

அந்தப் புலத்தில், வாங்கக் கிடைக்கும் நல்ல துகள்கள் ஒரு கிராம் இரும்புக்கு ஏறத்தாழ 7 வாற்றுத் தரும். ஆகவே கனசென்ரிமீற்றருக்கு 26 மில்லிகிராம், முழுக் கட்டிக்கும் 110 மில்லிகிராம் அளவில் இரும்பு. அதிகம்தான், ஆனால் ஊசியால் நேரே கட்டிக்குள் ஏற்றுவதென்றால் முடியாததல்ல.

அறையின் சூட்டையும் மாற்றிப் பார்த்தோம். வெளிநாட்டு மாதிரிகளில் அறை 20, 25 பாகையில் இருக்கும். எங்கள் சித்திரை வெயிலுக்கு 34 போட்டோம். தோலில் மாற்றம் தெரிந்தது. ஆழத்தில் கிடக்கும் கட்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சிதறல்

விசுவமடுப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். இந்த வேலை பற்றிச் சொன்னதும் அலுமாரிக்குள்ளிருந்து பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தொடை என்புக்குப் பின்னால், ஓரம் கிழிந்த வெள்ளைப் புள்ளி ஒன்று. பக்கத்தில் மணல் தூவினாற்போல் சின்னச் சின்னதாய் இன்னும் சில.

"இந்தப் பெரிசைத்தான் தம்பி எடுக்கவேண்டாம் எண்டவை. நரம்புக்குப் பக்கத்தில கிடக்காம்."

"இப்ப நோகுதோ மாமி?"

"மாரிக் குளிருக்குக் குத்தும். மற்றும்படி பீஸ் தன்ரபாட்டில கிடக்கும். ஆனா அந்தப் பெரிய ஸ்கான் எடுக்கப் போகேக்கை, உள்ளுக்கை இரும்பு கிடந்தா ஏலாது எண்டு திருப்பி விட்டிட்டினம்."

அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் எங்கள் மாதிரியில் 5 மில்லிமீற்றர் என்ற அளவு வந்தது. நுண்ணிய துணுக்குகளையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதும் அவருடைய காலைப் பார்த்துத்தான் தோன்றியது.

உலோகத் துண்டு சூடாவது நனோத் துகள் சூடாவதுபோல் அல்ல. ஆடல் புலம் உலோகத்தின் மேற்பரப்பில் சுழிப்போட்டங்களை, அதாவது வட்டமாகச் சுழலும் மின்னோட்டங்களை, ஓடவைக்கிறது. உருக்குக்குள் 100 கிலோஹேர்ட்ஸ் புலம் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் ஆழம்தான் இறங்கும். ஆகவே முழு வெப்பமும் அந்த மெல்லிய தோலில் பிறந்து, பக்கத்து இழையத்துக்குள் போகிறது. துண்டை உருண்டையாக எடுத்துக்கொண்டு, சீரான புலத்துக்குள் வைத்துக் கணித்தோம். உருக்கின் ஒப்புமை உட்புகவிடுதிறன், அதாவது வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அது எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப்புலத்தை உள்வாங்கும் என்ற எண், 100 என்று முதலில் எடுத்தோம்.

5 மில்லிமீற்றர் உருக்கு உருண்டை அரை வாற்று உறிஞ்சியது. இரத்தம் குளிர்த்துவதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் மேற்பரப்பு 27 பாகை ஏறுகிறது. 37 உம் 27 உம் 64. கட்டியின் ஓரத்தை 43 க்குக் கொண்டுவரும் அதே புலம், பக்கத்தில் கிடக்கும் துண்டை 64 பாகைக்குக் கொண்டுபோகிறது. 60 ஐத் தாண்டினால் இழையத்தின் புரதம் உடனேயே உறைந்துவிடும். அதுவும் சில நிமிடங்களுக்குள், சிகிச்சை நேரத்தின் தொடக்கத்திலேயே நடந்துவிடும். நரம்புக்குப் பக்கத்தில் என்றால் அந்தக் கால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. துண்டைச் சுற்றித் தழும்பு கட்டியிருந்தால் அங்கே இரத்தவோட்டம் குறைவு. ஏற்றம் 32 பாகை வரை போகும்.

எங்களுக்கு இதில் பெரிய சந்தேகம் உட்புகவிடுதிறன்தான். சிதறலின் உருக்கு எந்த வகை, வெடித்த சூட்டில் அது என்ன ஆனது, உடம்புக்குள் துருப்பிடித்ததா என்று யாருக்கும் தெரியாது. அந்த எண்ணை 50 ஆகவும் 200 ஆகவும் மாற்றி ஓடவிட்டோம். ஏற்றம் 30 உம் 24 உம் ஆனது. நாலு மடங்கு மாற்றத்துக்கு இவ்வளவுதான் அசைவு. காரணம் அழகானது: உட்புகவிடுதிறன் கூடும்போது மேற்பரப்பின் தடை கூடுகிறது, ஆனால் அதே நேரம் மேற்பரப்போடு ஓடும் புலம் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்கின்றன. உருக்கின் வகை தெரியாது என்பதால் இந்தக் கணக்கைத் தள்ளிவைக்க முடியாது.

அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2 மில்லிமீற்றர் துண்டு 3 பாகைதான் ஏறியது. 10 மில்லிமீற்றர் துண்டுக்கு ஏற்றம் நூறு பாகையை எட்டியது. அந்த வெப்பநிலையில் இழைய நீரே கொதிக்கும், பென்ஸின் சமன்பாட்டுக்கு அங்கே வேலையில்லை. மணல் தூவினாற்போன்ற துணுக்குகள் தனித்தனியே இருந்தால் பயப்படத் தேவையில்லை.

உருக்கு இல்லாவிட்டால் தப்பலாமா என்றும் பார்த்தோம். 5 மில்லிமீற்றர் ஈயம் 16 பாகை ஏறியது. செம்பு 6 பாகைக்குச் சற்றுக் கீழே. காந்தத்தில் ஒட்டாத உலோகம் என்றால் பிரச்சினையில்லை என்று மருத்துவர்கள்கூட நினைக்கலாம். எம்.ஆர்.ஐ இயந்திரத்தில் துண்டு இழுபடுமா என்ற கேள்விக்கு அந்த எண்ணம் பொருந்தும். இங்கே பொருந்தாது.

தப்ப வழி உண்டா

அதிர்வெண்ணை நாலு மடங்காக்கிப் பார்த்தோம். புலச்செறிவு மாறாதிருக்க, துகளின் வெப்பம் சுமார் நாலு மடங்கானது. துண்டின் வெப்பமும் அப்படியே நாலு மடங்குக்குச் சற்று மேலே போனது. 5 மில்லிமீற்றர் துண்டைப் பொறுத்தவரை அதிர்வெண்ணை மாற்றி ஒரு இலாபமும் இல்லை. இந்த வழியில்தான் நான் கூடுதல் நம்பிக்கை வைத்திருந்தேன்.

சுருளின் அளவு பலன் தந்தது. 10 சென்ரிமீற்றர் ஆரமுள்ள ஒரு வளையத்தைக் கட்டி இருக்கும் இடத்தில் காலைச் சுற்றி வைத்தால், காலின் நீளப்பாட்டில் போகப்போகப் புலம் குறைகிறது. வெப்பம் புலத்தின் வர்க்கத்தோடு போவதால் அது இன்னும் விரைவாகக் குறைகிறது. 20 சென்ரிமீற்றர் தள்ளி 125 இல் ஒரு பங்கு: துண்டு 0.2 பாகை ஏறும், கவலையில்லை. 10 சென்ரிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு: 3 பாகைக்குச் சற்று மேலே, தாங்கலாம். எங்கள் நோயாளியின் 6 சென்ரிமீற்றரில் இரண்டரையில் ஒரு பங்கு. துண்டு 48 பாகையில் நிற்கும். 43 க்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் சேதத்துக்கான நேரம் பாதியாகிறது என்ற 1984 ஆம் ஆண்டுச் சப்பரெற்ரோ, டூயி கணக்கின்படி, 48 இல் ஒரு நிமிடம் 43 இல் 32 நிமிடத்துக்குச் சமம். ஒரு மணித்தியாலச் சிகிச்சை என்றால் இது கூடாது.

நல்ல துகள்தான் மற்ற வழி. அதே புலத்தில் இரு மடங்கு சூடு தரும் துகள் கிடைத்தால், புலத்தின் வர்க்கத்தைப் பாதியாக்கலாம், துண்டின் ஏற்றமும் 11 இலிருந்து ஐந்தரைக்கு வரும். 42.5 பாகை. இந்த நோயாளிக்குச் சிகிச்சை அப்போதுதான் யோசிக்கக்கூடியதாகிறது. 16, 17 நனோமீற்றருக்குள் இறுக்கமாக அமைந்த துகள் என்பது மற்ற நாடுகளில் செலவைக் குறைக்கும் ஒரு வசதி. வன்னியில் அதுவே காலைக் காப்பாற்றும் நிபந்தனை.

கணக்கை மட்டும் நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை. இண்டக்ஷன் ஹீற்றர் பலகை ஒன்றை வாங்கி, செப்புக் குழாயில் சுருள் சுற்றி, அகார் களிக்குள் சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் உருக்கு உருண்டையான போல்ஸ் ஒன்றைப் புதைத்து வைத்துப் பார்த்தோம். உலோகக் கம்பி வெப்பமானி புலத்துக்குள் தானும் சூடாகிப் பொய் சொல்லும். ஆகவே பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கிடக்கும் சிவப்பு மதுசார வெப்பமானியையே பயன்படுத்தினோம். போல்ஸை ஒட்டிய களி விறுவிறென்று சூடானது, போல்ஸ் இல்லாத களி அசையாமல் இருந்தது, ஏற்றத்தின் போக்கு கணக்கோடு ஒத்துப்போனது. செய்துபார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று: உண்மையான சிதறல் வேண்டுமென்று வயல்வெளியில், பற்றைக்குள் கிடப்பதைப் பொறுக்கப் போகாதீர்கள். வெடிக்காதது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. கடையில் வாங்கும் போல்ஸ் போதும்.

உருண்டை என்பது எங்கள் எளிமைப்படுத்தல். உண்மைச் சிதறல் நீளமாக, கூராக இருக்கும். அது புலத்தின் திசையில் நீட்டிக் கிடந்தால் முனைகளில் வெப்பம் குவியும், குறுக்கே கிடந்தால் வேறு விதம். ஒரு எக்ஸ்ரே படம் போதாது, நேராகவும் பக்கவாட்டாகவும் இரண்டு படம் இருந்தால்தான் நீளத்தையும் சரிவையும் எடுக்கலாம். சி.ரி. ஸ்கானில் உலோகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் பறந்து அதன் ஓரத்தை மறைத்துவிடுகின்றன. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நிரல், அந்த இரண்டு படங்களிலிருந்தும் துண்டை ஒரு நீள்கோளமாகப் பொருத்தி, சுருளை எந்தப் பக்கம் எவ்வளவு சரித்தால் அதன் சூடு குறையும் என்று தேடுகிறது. மாமியின் பழைய படங்கள் இரண்டும் அவருடைய அனுமதியோடு, பெயர் நீக்கி, முதல் சோதனைக்காகக் கணினிக்குள் இருக்கின்றன.